கியாஸ்பூர் மகான் நிஜாமுத்தீன் அவுலியா

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பத்தாருள் நிஜாமுத்தீன் என்னும் பெயரை அறியாதார் இரார். கன்னியாகுமரியிலிருந்து புறப்படும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து நிற்பதும், மதுரையிலிருந்து வரும் தமிழ்நாடு சம்பர்க் கிராந்தி வந்து நிற்பதும் ஹஜரத் நிஜாமுத்தீன் ஸ்டேஷனில்தான். கோடை விடுமுறைக்கு ஊர் செல்வோரும், ஊரிலிருந்து வரும் பெற்றோரை எதிர்கொண்டு அழைப்போரும் அங்கே பலமுறை காத்து நின்றிருப்பர். ஆயினும், அப்பெயருக்குரியவர் யார், எக்காலத்தவர், ஆறு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்டும் ஒரு ரயில் நிலையத்துக்குப் பெயராய் நிலைக்கும்படி அவர் செய்தது யாது என்று வினவியவர் நம்மில் சிலரே. பார்சல் சீட்டுகளிலும் மாதக் கணக்குகளிலும் அப்பெயரை எழுதிக் காலம் கழிக்கும் குமாஸ்தாவாகிய அடியேன், அவ்வினாவுக்கு விடை தேடிப் படித்தவற்றை நம் சங்கத்தின் ஆண்டு மலர் வாயிலாக அன்பர்கள் முன் வைக்கிறேன். இவ்வரலாற்றில் நம் பாண்டி நாட்டையும் தொடும் பகுதி ஒன்று உண்டு. அது செவிக்கு இனிய செய்தியன்று. எனினும் அதனை மறைத்து எழுதினால் இது சரித்திரம் ஆகாது.

முதலில் பெயரைப் பற்றி ஒரு சொல். 'அவுலியா' என்பது 'வலி' என்னும் அரபுச் சொல்லின் பன்மை. தமிழ் முஸ்லிம் பெருமக்கள் 'இறைநேசர்' என்று வழங்குவது இதனையே. ஒருவரையே பன்மையால் குறித்தது மரியாதை பற்றி. நாம் 'அடிகள்' என்று சொல்வது போல. அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் முஹம்மது.

அவருடைய பாட்டன்மார் மத்திய ஆசியாவிலுள்ள புகாரா நகரத்தினர். மங்கோலியப் படையெடுப்பால் அந்நாடுகள் நிலை குலைந்த காலத்தில் லாகூர் வந்து, பின்னர் இன்றைய உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த பதாயூனில் குடியேறினர். அவ்வூரில் 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நிஜாமுத்தீன் பிறந்தார். ஐந்து வயதளவில் தந்தையை இழந்தார். தாயார் பீவி சுலைகா அம்மையார் வறுமையிலே இரண்டு மக்களையும் வளர்த்தார். வீட்டில் அரிசியோ மாவோ இல்லாத நாளில் அந்த அம்மையார் மகனை நோக்கி, இன்று நாம் ஆண்டவனுடைய விருந்தினர் என்பாராம். அச்சொல்லில் கண்ட இன்பத்தால், சில நாள் தொடர்ந்து உணவு கிடைத்தால், மறுபடியும் தாயார் அதனை எப்போது சொல்வார் என்று ஏங்கியதாகப் பிற்காலத்தில் அவரே தம் அடியாரிடம் கூறியிருக்கிறார்.

படிப்பை முடிப்பதற்காகத் தாயையும் தமக்கையையும் அழைத்துக்கொண்டு இளைஞராக அவர் தில்லி வந்தார். பிழைப்பையும் கல்வியையும் நாடி வெளியூரிலிருந்து குடும்பத்தோடு தில்லிக்கு வந்த நமக்கு, அவர் இங்கே பட்ட பாடு எளிதில் விளங்கும். சொந்த வீடு என்பது அவருக்கு என்றும் அமையவில்லை. ஒரு வீட்டிலிருந்து மற்றொரு வீடு, ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெரு என்று மாறிக்கொண்டே இருந்தார். ஒரு பிரபுவின் வீட்டில் இரண்டாண்டுகள் தங்கியிருந்தபோது, வீட்டுக்கு உடையவர்கள் வெளியூரிலிருந்து திரும்பிவந்து உடனே காலி செய்யச் சொல்லிவிட்டனர். எடுத்துச் செல்வதற்குப் புத்தகங்களைத் தவிர வேறு சாமான் இல்லை. அவற்றைத் தலைமேல் சுமந்துகொண்டு ஒரு பள்ளிவாசல் முன்னே போய் நின்றார். முலாம்பழம் கொள்ளை மலிவாக விற்ற காலத்திலும் பருவம் முழுவதும் ஒரு துண்டையும் சுவையாமல் கழிந்த ஆண்டுகள் உண்டு என்று அவர் வரலாறு கூறுகிறது.

கல்வியில் அவர் பெரிய தர்க்கவாதி. சபையைக் கலைக்கும் நிஜாமுத்தீன் என்று உடன் பயின்றோர் பட்டப்பெயரே சூட்டினர். அக்காலத்தில் அவர் உள்ளத்தில் இருந்த ஆசை காஜி உத்தியோகம், அதாவது நீதிபதிப் பதவி. அண்டை வீட்டில் வாழ்ந்த நஜீபுத்தீன் முதவக்கில் என்ற பெரியவரிடம், அப்பதவி தமக்குக் கிட்டுமாறு வேண்டிக்கொள்ளும்படி கேட்டார். அப்பெரியவரோ, நீ காஜி ஆகாதே, வேறு ஏதேனும் ஆகு என்று சொல்லிவிட்டார். சர்க்கார் உத்தியோகத்துக்கு மனு எழுதி எழுதிக் கை சலித்திருக்கும் நம் காலனி இளைஞர்கள் இக்கதையைத் தந்தையரிடம் சான்றாகக் காட்டிவிடாதிருக்க வேண்டுகிறேன்!

அந்த நஜீபுத்தீனின் தமையனார்தாம் பாபா பரீத் என்று புகழ்பெற்ற பரீதுத்தீன் கஞ்சஷகர். சட்லெஜ் நதிப்புறத்தில் அஜோதன் என்ற ஊரில் அவர் வாழ்ந்தார். அவ்வூர் இன்று பாகிஸ்தானத்தில் பாக்பத்தன் என்று வழங்குகிறது. அஜ்மீரில் அடங்கிய குவாஜா முயீனுத்தீன் சிஷ்தி, மெஹ்ரௌலியில் அடங்கிய குத்புத்தீன் பக்தியார் காக்கி, அவருக்குப் பின் பாபா பரீத் என்பது சிஷ்தி குருபரம்பரை. சீக்கியரின் திருமறையில் பரீதின் பாடல்களும் இடம்பெற்றுள்ளன. ஒருவர் அவருக்குக் கத்தரிக்கோலைக் காணிக்கையாகத் தந்தபோது, எனக்கு ஊசியைக் கொடு, நான் வெட்டுகிறவன் அல்லன், தைக்கிறவன் என்று அவர் கூறியதாக ஒரு கதை வழங்குகிறது. இருபதாம் வயதில் நிஜாமுத்தீன் அஜோதன் சென்று அவரிடம் தீட்சை பெற்றார். குருவின் வாழ்நாளில் மூன்று முறை அங்கே சென்றார். 1265-ல் பரீத் மறைவதற்கு முன்பே, தம் வழித்தோன்றலாக இவரை நியமித்துவிட்டார். உத்தியோக ஆசை அவ்வளவோடு தீர்ந்தது.

நகர நெருக்கடியில் மனம் ஒன்றாமையால், தில்லிக்குப் புறத்தே யமுனைக் கரையிலிருந்த கியாஸ்பூர் என்ற சிற்றூரில் வந்து தங்கினார். ஆண்டுகள் செல்லச் செல்ல அங்கே மக்கள் திரள் பெருகியது. அவருடைய ஆசிரமத்துக்குக் கான்கா என்று பெயர். அதில் நடந்தவை தொழுகை, உபதேசம், இசை, சமையல். இந்நான்கில் சமையலைக் கடைசியாக எழுதினேனாயினும் அதுவே அவருடைய வழிபாட்டின் நடுநாயகம் என்பது என் கருத்து. வழிபாடு இருவகை என்று அவர் பகுத்துக் கூறுவார். தொழுகை, நோன்பு முதலியவற்றின் பயன் செய்தவனுக்கு மட்டுமே உரியது. பசித்தவனுக்கு உணவும் துயருற்றவனுக்கு ஆறுதலும் தருவதன் பயன் பிறருக்குச் செல்வது. பின்னதற்குக் கிடைக்கும் பலனுக்கு அளவில்லை என்பது அவர் போதனை. 1308 முதல் 1322 வரை அவர் பேசியவற்றை அமீர் ஹசன் சிஜ்ஜி என்ற கவிஞர் உடனிருந்து கேட்டுக் குறித்துவைத்த 'பவாயிதுல் புவாத்' என்ற பாரசீக நூலால் இவையெல்லாம் நமக்குத் தெரிகின்றன.

கான்காவுக்கு நிலமோ மானியமோ இல்லை. ஸுல்தான் ஜலாலுத்தீன் கில்ஜி கிராமங்களை எழுதிவைக்க முன்வந்தபோது அவர் ஏற்க மறுத்தார். தாமாக வந்த காணிக்கைகளை மட்டும் ஏற்றார். அவையும் பொழுது சாய்வதற்குள் செலவாகிவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் தொழுகைக்குச் செல்லுமுன் களஞ்சிய அறைகளை முற்றிலும் காலி செய்து பெருக்கிவைக்கச் சொல்வார். வந்தவர் முஸ்லிமா, இந்துவா, பிரபுவா, படைவீரனா, பிச்சைக்காரனா என்ற வினா பந்தியில் இல்லை. அவரோ பெரும்பாலான நாட்களில் நோன்பு நோற்பவர். மாலையில் ஒரு ரொட்டி அல்லது அரை ரொட்டி, கொஞ்சம் காய்கறி. விடியுமுன் உண்ணும் நோன்புச் சாப்பாட்டைப் பணியாள் கொண்டுவந்து வைத்தால், பள்ளிவாசல் மூலைகளிலும் கடைத் திண்ணைகளிலும் எத்தனை பேர் பசியோடு படுத்திருக்கிறார்கள், இது என் தொண்டையில் எப்படி இறங்கும் என்று கண்ணீர் விடுவாராம். தட்டு அப்படியே திரும்பிப் போகும். இச்செய்தியைத் தருவது அவரை நேரில் அறிந்த குடும்பத்தைச் சேர்ந்த அமீர் குர்த் எழுதிய 'சியருல் அவுலியா'.

ஒருநாள் யமுனைக் கரையில் இந்துக்கள் நீராடி வழிபடுவதைக் கண்டு, ஒவ்வொரு கூட்டத்தாருக்கும் தமக்கென ஒரு நெறியும் தொழும் திசையும் உண்டு என்று அவர் கூற, அருகிலிருந்த அமீர் குஸ்ரு அதற்கு இயைய அடுத்த அடியைப் பாடி முடித்தார் என்ற செய்தி, ஜஹாங்கீர் சக்கரவர்த்தியின் சுயசரிதத்தில் இடம்பெற்றிருக்கிறது.

அவர் காலத்தில் தில்லிச் சிம்மாசனத்தில் ஸுல்தான்கள் ஒருவர்பின் ஒருவராக மாறினர். அரண்மனை வாசலை அவர் நாடவில்லை. அரசர் தம் வாசலுக்கு வருவதையும் விரும்பவில்லை. ஜலாலுத்தீன் முன்னறிவிப்பின்றி வந்து பார்த்துவிடக் கருதி, அதனை இரகசியமாக அமீர் குஸ்ருவிடம் சொன்னார். குஸ்ரு குருவிடம் தெரிவித்துவிட்டார். அவரும் அஜோதனுக்குப் புறப்பட்டுவிட்டார். இரகசியத்தை ஏன் வெளியிட்டாய் என்று ஸுல்தான் சினந்தபோது, தாங்கள் சினந்தால் என் உயிர் போகும், குரு சினந்தால் என் ஈமான் போகும் என்று குஸ்ரு விடையளித்தார். அடுத்து வந்த அலாவுத்தீன் கில்ஜி, அரசியல் யோசனை கேட்டு ஒரு கடிதத்தைத் தம் மகன் கிஜிர் கான் கையில் அனுப்பினார். அவர் அதனைப் பிரிக்கவுமில்லை. பக்கிரிகளுக்கு அரசர் காரியத்தில் என்ன வேலை என்று திருப்பிவிட்டார். நேரில் வருகிறேன் என்று ஸுல்தான் சொல்லியனுப்பியதற்கு, என் வீட்டுக்கு இரண்டு வாசல்கள் உண்டு, அரசர் ஒன்றில் நுழைந்தால் நான் மற்றொன்றில் வெளியேறுவேன் என்ற பதில் சென்றது.

இனி, முன்னே குறிப்பிட்ட பாண்டி நாட்டுச் செய்திக்கு வருவோம். இதே அலாவுத்தீனின் தளபதி மாலிக் காபூர் 1310-ன் இறுதியில் தில்லியை விட்டுப் புறப்பட்டு, ஹொய்சளரின் துவாரசமுத்திரத்தைப் பணியவைத்து, 1311 மார்ச்சில் தமிழகத்துள் நுழைந்தான். குலசேகர பாண்டியன் மறைந்து, சுந்தர பாண்டியனும் வீர பாண்டியனும் அரசுரிமைக்குப் போரிட்டுக்கொண்டிருந்த சமயம் அது. ஏப்ரலில் மதுரை கொள்ளையுண்டது. அவ்வழியில் இடிக்கப்பட்ட பொற்கோயில் ஒன்றைச் சிதம்பரம் என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். அக்டோபரில் காபூர் தில்லி திரும்பியபோது 512 யானைகளும் 5,000 குதிரைகளும் 500 மணங்கு மணிகளும் உடன் வந்தன என்று கணக்குத் தருகிறது 'கஜாயினுல் புதூஹ்' என்ற நூல். பரணி என்ற சரித்திர ஆசிரியர் தரும் கணக்கு இதைவிட மிகுதி. 'கஜாயினுல் புதூஹ்' நூலைக் களிப்போடும் அலங்காரங்களோடும் எழுதியவர் வேறு யாருமல்லர். குருவின் மனம் கோணக் கூடாதென்று ஸுல்தானின் சினத்தையும் பொருட்படுத்தாத அதே அமீர் குஸ்ருதான். பகலில் அரசவைப் புலவர்; மாலையில் கியாஸ்பூர்ச் சீடர்.

குருவைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இதற்கு முந்தைய ஆண்டு காபூர் வாரங்கல்லை முற்றுகையிட்டிருந்தபோது, படையிலிருந்து செய்தி வராமையால் கவலையுற்ற அலாவுத்தீன் கியாஸ்பூருக்கு ஆளனுப்பி விசாரித்தார். இவ்வெற்றியோடு வேறு வெற்றிகளும் எதிர்பார்க்கத் தக்கன என்ற பொருள்பட விடை வந்ததென்றும், அன்றே வெற்றிச் செய்தியும் வந்து சேர்ந்ததென்றும் பரணி எழுதுகிறார். பரணி அம்மகானின் அடியார்களில் ஒருவர். குருவின் மகிமையைக் காட்டவே இதனை எழுதினார். ஆனால் தென்னாட்டில் பிறந்த நாம் படிக்கும்போது முகம் சற்றே சுளிக்கிறது. அந்த 'வேறு வெற்றிகளில்' மதுரையும் ஒன்றாயிற்றல்லவா?

இதனை எப்படி எடுத்துக்கொள்வது? தில்லியின் பொக்கிஷத்திலிருந்து படைத்தலைவர்களும் பிரபுக்களும் பரிசு பெற்றனர். அவர்களே கியாஸ்பூருக்குக் காணிக்கை செலுத்தினர். ஆகவே, பாண்டி நாட்டுப் பொன்னில் ஒரு துளி அந்த அடுப்பில் ரொட்டியாய் வெந்து ஏழைகளின் வயிற்றுக்குப் போயிருத்தல் இயல்பே. அதனால் கொள்ளை அறமாகிவிடாது. குஸ்ருவைக் குறித்து நான் நினைப்பது இது: நம்முடைய ஜெயங்கொண்டாரும் முதற் குலோத்துங்கனின் அவைப்புலவர்; கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை அழித்ததை அவர் பாடிய கலிங்கத்துப்பரணியை நாம் பள்ளியில் உருப்போட்டு மகிழ்ந்திருக்கிறோம். கட்டாக், பெர்ஹாம்பூர் பக்கத்தில் வேலை பார்க்கும் ஒரியா நண்பருக்கு அந்நூலைச் சொல்லிப் பார்த்தால் அவர் முகமும் சுளிக்கும். அரசன் சோற்றை உண்ட புலவர்கள் எந்நாட்டிலும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். நிஜாமுத்தீன் அச்சோற்றை நேராக உண்ணவில்லை என்பதையும், மானியம் ஏற்று அரசனுக்குக் கட்டுப்படவில்லை என்பதையும் தராசின் மறுதட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு அத்தட்டே தாழ்கிறது. பிறருக்கு வேறு விதமாகத் தோன்றினால் அதையும் தவறென்று சொல்லேன்.

அலாவுத்தீனுக்குப் பின் வந்த குத்புத்தீன் முபாரக் ஷா அவரிடம் பகைமை பாராட்டினான். மாதந்தோறும் முதல் தேதியில் தர்பாருக்கு வந்து வணங்க வேண்டும், இல்லையேல் வருவிக்கும் வழி தெரியும் என்று மிரட்டினான். அவர் போகவில்லை. அந்நாள் வருமுன்பே, 1320-ல், முபாரக் ஷா தன் அன்புக்குரிய குஸ்ரு கான் என்பவனால் கொல்லப்பட்டான். (இவன் வேறு, கவிஞர் வேறு.) ஆட்சியைக் கைப்பற்றிய குஸ்ரு கான் பெரியோர்களுக்கெல்லாம் பணத்தை வாரி வழங்கியபோது கியாஸ்பூருக்கு ஐந்து லட்சம் டங்கா வந்தது. அதுவும் வழக்கம்போல் உடனே ஏழைகளிடம் போய்விட்டது. அவனை வென்ற கியாசுத்தீன் துக்ளக் பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, அது பொதுமக்கள் பொக்கிஷத்துப் பணம், பொதுமக்களுக்கே கொடுத்துவிட்டேன் என்ற பதிலே கிடைத்தது. ரசீது கேட்கும் எங்கள் ஆபீசு ஆடிட்டர்களிடம் இவ்விடை செல்லாது, துக்ளக்குக்கும் பிடிக்கவில்லை. இசை கேட்பது மார்க்கத்துக்கு விரோதம் என்று உலமாக்கள் தொடுத்த வாதத்தை விசாரிக்க அவர் ஒரு சபை கூட்டினார். அதற்கு மட்டும் நிஜாமுத்தீன் நேரில் சென்று வாதாடினார். இசைக்குத் தடை ஏற்படவில்லை. பழைய தர்க்கவாதி தோற்கவில்லை எனலாம்.

துக்ளக் வங்காளத்திலிருந்து திரும்பும்போது, நான் வருமுன் நகரை விட்டுப் போய்விட வேண்டும் என்று ஆணையனுப்பியதாகவும், 'தில்லி இன்னும் தூரம்' என்று மகான் மறுமொழி கூறியதாகவும், நகருக்கு வெளியே வரவேற்புக்காகக் கட்டிய மண்டபம் இடிந்து வீழ்ந்து 1325-ல் ஸுல்தான் மாண்டதாகவும் கூறுவர். மண்டபம் இடிந்ததும் மாண்டதும் சரித்திரம். அந்த வாசகமோ, சமகாலத்தவரும் அடியாரும் ஆன பரணியின் நூலில் இல்லை. பின்னாளில் சேர்ந்த கதையாகவே தோன்றுகிறது. எனினும் அது பழமொழியாய் நின்றுவிட்டது. 1321-22-ல் அமைந்த படிக்கிணற்றைப் பற்றிய கதையும் அத்தகையதே. துக்ளகாபாத் கோட்டை வேலைக்குப் போன கூலியாட்கள் இரவில் வந்து கிணறு வெட்ட, எண்ணெய் விற்பனையை ஸுல்தான் தடுக்க, கிணற்று நீரே எண்ணெயாய் எரிந்ததாம். கிணறு இன்றும் ஊற்று வற்றாமல் இருக்கிறது. 2008-ல் அதன் சுவரில் ஒரு பகுதி இடிந்தது. ஆகாகான் அறக்கட்டளையினர் அதனைத் தூர் வாரிச் செப்பனிட்டனர்.

துக்ளக் இறந்த அதே 1325-ல் ஏப்ரல் 3-ஆம் நாள் நிஜாமுத்தீன் மறைந்தார். மறையுமுன் களஞ்சியத்தில் ஒரு மணியும் எஞ்சாமல் தானியத்தை எடுத்து வழங்கிவிடச் சொன்னார். வங்காளம் சென்றிருந்த அமீர் குஸ்ரு செய்தி கேட்டு ஓடிவந்து, ஆறு மாதத்துக்குள் தாமும் உயிர் நீத்தார்.

சீடர்கள் நாடெங்கும் பரவினர். நஸீருத்தீன் தில்லியிலேயே இருந்து 'தில்லியின் விளக்கு' எனப் பெயர் பெற்றார். சிராக் தில்லி என்ற பகுதி அவர் அடங்கிய இடம். புர்ஹானுத்தீன் கரீப் தௌலதாபாத் சென்றார்; தபதி நதிக்கரையிலுள்ள புர்ஹான்பூர் நகரம் அவர் பெயரால் அமைந்தது. நஸீருத்தீனின் சீடர் கேசுதராஸ் 1422-ல் குல்பர்காவில் அடங்கினார். சென்னையிலிருந்து பம்பாய் செல்வோர் கலபுரகி என்ற புதிய பெயர்ப்பலகையோடு அவ்வூரைக் காணலாம். ஆக, கியாஸ்பூர் அடுப்பின் நெருப்பு தக்காணம் வரையில் சென்று எரிந்திருக்கிறது.

வெட்டவெளியில் அடக்கம் செய்யப்பெற்ற அவருடைய கல்லறைமேல் முஹம்மது பின் துக்ளக் விமானம் எழுப்பினார். தந்தை பகைத்தவருக்கு மகன் செய்த பணி. இப்போதுள்ள கட்டடம் 1562-63-ல் பரீதூன் கான் என்பவர் எழுப்பியது. பிற்காலத்தில் பலர் திருத்தியும் கூட்டியும் இருக்கின்றனர். மேற்கேயுள்ள சிவப்புக்கல் பள்ளிவாசல் கில்ஜி காலத்தது. அவ்வளாகத்தில் அடங்குவதைப் பேறாகக் கருதியோர் பலர். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1681-ல் மறைந்து அங்கே அடங்கினார். சக்கரவர்த்தியின் மகளாயிருந்தும் அவர் சமாதியின் மேலே கூரையில்லை, மண்ணும் புல்லுமே உள்ளன. 1748-ல் மறைந்த முகலாய மன்னர் முஹம்மது ஷாவும் அருகில் இருக்கிறார். உருதுக் கவிஞர் காலிப் சிறிது தொலைவில். சற்றுக் கிழக்கே ஹுமாயூன் சமாதி. அதை ஒட்டி, பழைய கான்காவின் எஞ்சிய பகுதி.

ஸ்டேஷனிலிருந்து தர்கா தொலைவில் இல்லை. மதுரா ரோட்டுக்கு மேற்குப்புறத்துச் சந்துகளில் ரோஜாப்பூத் தட்டுகளும் ஊதுவத்தியும் விற்கும் கடைகளைத் தொடர்ந்து போனால் போதும். தலையை மறைத்துச் செல்வது முறை. பெண்டிர் சமாதி அறைக்குள் செல்வதில்லை. புறத்தே சலவைக்கல் ஜாலிகளின் அருகில் அமர்ந்து வேண்டிக்கொள்வர். வியாழன் மாலைகளில் கவாலி நடைபெறும். நம் பக்கத்தில் கந்தூரி என்று சொல்லும் உரூஸ், ரபியுல் ஆகிர் மாதத்தில். வசந்த பஞ்சமியையொட்டி மஞ்சள் உடையும் கடுகுப்பூவுமாக அடியார்கள் கூடுவர். மருமகனின் மரணத்தால் துயருற்றிருந்த குருவைச் சிரிக்கவைக்கக் குஸ்ரு அவ்வேடத்தில் வந்தார் என்பது அதற்குச் சொல்லும் காரணம். பந்தியில் உணவு வழங்குதல் இன்றும் நடந்துவருகிறது.

அங்கே செல்லும் அன்பர்கள் ஒரு மரபை அறிந்துகொள்ள வேண்டும். முற்றத்தில் நுழைந்ததும் நேரே மகானின் சமாதிக்குப் போவதில்லை. 1605-ல் ஜஹாங்கீர் காலத்தில் புதுப்பித்துக் கட்டிய அமீர் குஸ்ருவின் சமாதி சில அடிகளுக்கு முன்னரே இருக்கிறது. முதலில் அங்கே நின்று வணங்கிவிட்டுத்தான் குருவிடம் செல்வார்கள்.